மாமா கலக்கிய பஞ்ச்

எங்கள் வீட்டில் ஜின் என்ற பானம் ஒரே ஒரு முறைதான் கலக்கப்பட்டது. அது ஒரு காணும் பொங்கலன்று நடந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. கமலா ஆரஞ்சைச் சுளை சுளையாக உரித்துக் கொட்டை நீக்கியதும், மாதுளை முத்துகளை உதிர்த்ததும் நான்தான். ஆகவே அந்தப் பானத்தில் எனக்கும் பங்கு உண்டு.

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் எங்கள் வீடு இருந்தது. பின்கட்டில் நான்கு தறிகள். அப்பாவை நான் நைனா என்றுதான் அழைப்பேன். நைனா அதிகம் பேசாதவர். கோபத்தால் பேசாதவர் அல்ல, பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்பது போல இருப்பார். என்னைத் தூக்கியதாகவோ மடியில் வைத்துக்கொண்டதாகவோ நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டதும் இல்லை. எல்லா அப்பாக்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்ததால் எனக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை.

அந்த வருடம் லுங்கிகள் தேங்கிவிட்டன. தீபாவளிக்கு முன்பே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த வியாபாரி வரவில்லை. முன்னறையில் அடுக்கு ஏறிக்கொண்டே போய், கடைசியில் நான் ஜன்னலைத் திறக்க வேண்டுமானால் லுங்கிக் கட்டுகள் மேல் ஏறித்தான் திறக்க வேண்டும் என்றானது. நைனா இரண்டு தறிகளை நிறுத்திவிட்டார். இந்த நிலையில், மெட்ராஸிலிருந்து வெளிநாட்டுக்கு லுங்கி அனுப்புகிற ஒருவர் திருப்பதிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், காணும் பொங்கல் மாலை எங்கள் வீட்டுக்கு வந்து சரக்கைப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

செய்தியைக் கொண்டுவந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. அரக்கோணம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிற வேலை. அதற்கு முன்பு மெட்ராஸில் ஏதோ ஒரு கிளப்பில் அதே பரிமாறுகிற வேலையை 'பேரர்' என்ற பெயரில் பார்த்தவர். அந்த கிளப்பில் அவர் இருந்தது எட்டே மாதங்கள். ஆனால் அந்த எட்டு மாதங்களைப் பற்றி அவர் பதினைந்து வருடங்களுக்கு மேல் பேசியிருப்பார்.

"அவுருக்கு ஜின்னுன்னா உசுரு பாவா," என்று மாமா நைனாவிடம் சொன்னார். "பழம் போட்டுக் கலந்து ஒரு கிளாஸ் குடுத்தாப் போதும். எல்லாத்தயும் எடுத்துகினு போயிடுவாரு. நான் பாத்துக்கறேன்."

நைனா ஜன்னல்வரை ஏறியிருந்த அடுக்கைப் பார்த்தார். பிறகு, "வர்றவருக்கு இன்னா வேணுமோ குடு. எங்க யார் வாயிலயும் அது படக்கூடாது," என்றார். மாமா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். என் தலையில்.

அது தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். ஆனால் நகரி பஸ்ஸில் ஏறி எல்லையைத் தாண்டினால் ஆந்திரா. மாமா போகியன்று போய் ஒரு பாட்டில் வாங்கி, லுங்கியில் சுற்றி, கமலா ஆரஞ்சுக் கூடையின் அடியில் வைத்துக் கொண்டுவந்தார். செக்போஸ்டில் கான்ஸ்டபிள் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, இனிப்பா புளிப்பா என்று கேட்டுத் திரும்ப வைத்துவிட்டாராம். இதையும் மாமா பல வருடங்கள் சொன்னார்.

காணும் பொங்கலன்று காலை அவர் வேலையைத் தொடங்கினார். அம்மா சமையற்கட்டுக்குள் விடவில்லை. சாமிக்குப் பொங்கல் வைத்த பாத்திரம் எதையும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். மாமா கிணற்றடித் துவைக்கிற கல்லின் மேல் கடை விரித்தார். அவரே கொண்டுவந்திருந்த வெள்ளை எனாமல் ஜக், ஆறு கண்ணாடி டம்ளர்கள், இஞ்சி, எலுமிச்சை, ஒரு அன்னாசி.

"இதுக்குப் பேரு பஞ்ச்," என்றார்.

"பஞ்சா? வாயில வைக்கறதுக்குப் போயி பஞ்சுன்னு பேரா?" என்றாள் அம்மா.

"பஞ்சு இல்லக்கா. பஞ்ச். வெள்ளக்காரன் கண்டுபுடிச்சது."

"அவன் நூல் மில்லு வச்சிருந்தவன், அப்பிடித்தான் பேரு வைப்பான்," என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

அன்னாசித் துண்டுகளும் மாதுளை முத்துகளும் எனாமல் ஜக்கில் விழுந்தன. மாமா பாட்டிலைத் திறந்து மேலே ஊற்றினார். தண்ணீர் போலத்தான் இருந்தது. வாசனை மட்டும் சளிக்குத் தடவுகிற தைலம் போல. இப்படியே மத்தியானம் வரை ஊறவேண்டும், பிறகுதான் ஆரஞ்சுச் சாறும் சர்க்கரைப் பாகும் இஞ்சியும், கடைசியில் ஐஸும் சோடாவும் என்று எனக்கு விளக்கினார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால் என்னிடம் சொன்னார். மத்தியானம் நாங்கள் எட்டிப் பார்த்தபோது மாதுளை முத்துகள் வெளுத்துக் கிடந்தன. சிவப்பெல்லாம் ஜின்னில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கமாக வந்த நைனா குனிந்து பார்த்து, "சாயம் நிக்கல," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அதுவரை அவர் பேசிய வார்த்தை அவ்வளவுதான்.

ஜின் இல்லாமல் அதே பழச்சாறு எங்களுக்கும் உண்டு. அதை அம்மாவின் எவர்சில்வர் ஜக்கில் தனியாகக் கலந்தார். வருகிறவர் தனியாகக் குடிக்க மாட்டார், எதிரில் நைனா கையிலும் ஒரு டம்ளர் இருக்கவேண்டும் என்பது மாமாவின் கணக்கு. எவர்சில்வர் நமக்கு, எனாமல் அவருக்கு. இதை என்னை மூன்று முறை சொல்லவைத்தார்.

லுங்கி வாங்குகிறவர் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. ஐந்தே கால் வரை வரவில்லை. நைனா மத்தியானம் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் காவலுக்கு உட்கார்ந்திருந்தேன். முதலில் ருசி பார்க்க அரை டம்ளர். பிறகு முழு டம்ளர். பிறகு எத்தனை என்று தெரியாது. எவர்சில்வர் ஜக்கிலிருந்துதான் எடுத்தேன் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கார் வந்து நின்றது. இறங்கியவர் மொட்டைத்தலையில் சந்தனம் பூசியிருந்தார். கைகால் கழுவி உட்கார்ந்தார். மாமா அரக்கோணம் ஹோட்டலில் பரிமாறுகிறபோது குனிவது போலக் குனிந்து பக்கத்தில் நின்று, "ஐயாவுக்கு விசேஷமா ஒண்ணு கலந்து வச்சிருக்கேன்," என்று கண்ணைச் சிமிட்டினார்.

வந்தவர் சிரித்தார். "அது முடிஞ்சு போச்சுப்பா. பெருமாள் எதிர்ல நின்னு விட்டுட்டேன்னு சொல்லிட்டு வர்றேன். முடியும் போச்சு, அதுவும் போச்சு. வெறும் ஜூஸ் இருந்தா குடு. இவரோட சேந்து குடிக்கறேன்."

மாமா கிணற்றடிக்கு வந்து எவர்சில்வர் ஜக்கைச் சாய்த்தார். ஒரு டம்ளர்தான் வந்தது. என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன். திட்டுவதற்கு நேரமில்லை. இரண்டாவது டம்ளரைக் கையில் எடுத்து, முன்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு எனாமல் ஜக்கிலிருந்து ஊற்றி, மேலே நிறைய சோடா விட்டு, "ஒரு டம்ளருக்கு ஒண்ணும் ஆவாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தட்டை என்னிடம் கொடுத்தார். "இது ஐயாவுக்கு. இது நைனாவுக்கு. மாத்திக் குடுத்துடாத."

நான் மாற்றவில்லை. சரியாகக் கொடுத்தேன்.

வெறும் வயிற்றோடு இருந்த நைனா அதை ஒரே மூச்சில் குடித்தார். நன்றாக இருந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் முதல் முறையாக எதையோ இரண்டாவது தடவை கேட்டார். விருந்தாளி முன்னால் மாமாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இன்னொரு டம்ளர் போயிற்று.

கட்டுகள் பிரிக்கப்பட்டன. வந்தவர் சிவப்புக் கட்டம் போட்டதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நன்றாக இருப்பதாகச் சொன்னார். அப்போது நைனா, "அத எடுக்காதீங்க," என்றார்.

"ஏன்?"

"சாயம் விடும். ரெண்டு தண்ணியில போயிடும். சாயக்காரன் ஏமாத்திட்டான். மொதல்லயே எனக்குத் தெரியும். இருந்தாலும் நெய்ஞ்சேன்." பிறகு தொடர்ந்து பேசினார். எந்தக் கட்டு நல்லது, எதில் இழை அறுந்து முடிச்சு போட்டது, எது அவர் நெய்தது, எது கூலிக்கு வந்தவர் நெய்தது. அவ்வளவு சொற்கள் நைனாவிடம் இருந்தது எங்களுக்கே தெரியாது. கதவோரம் நின்ற மாமா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "எங்கிட்ட வாங்கிகினு போயி நீங்க யார்கிட்டயோ பேச்சு கேக்கணுமா?" என்று முடித்தார் நைனா.

வந்தவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூக்குக்கு அந்த வாசனை தெரியாமல் இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சிவப்புக் கட்டத்தைத் தனியாக ஒதுக்கச் சொன்னார். மீதி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகவும், திங்கட்கிழமை வண்டி அனுப்புவதாகவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அடுத்த பல வருடங்கள் எங்கள் சரக்கு அவருக்குத்தான் போயிற்று. ஒதுக்கிய லுங்கிகள் எங்கள் வீட்டு ஜன்னல் திரையாகவும் தலையணை உறையாகவும் பலமுறை துவைக்கப்பட்டு, உண்மையிலேயே வெளுத்தன.

கார் போனதும் மாமா குதிக்க ஆரம்பித்தார். அம்மா எனாமல் ஜக்கில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள். பிறகு நைனாவைப் பார்த்தாள். மாமா குதிப்பதை நிறுத்தினார்.

நைனா முன்னறையில் ஒரு லுங்கிக் கட்டின் மேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் இருட்டவில்லை. ஜன்னல் வழியாக மலைப்படியில் ஜனங்கள் இறங்குவது தெரிந்தது.

"சரசு," என்று கூப்பிட்டார்.

என் பெயர் அதுவல்ல. அந்தப் பெயரில் எங்கள் தெருவில்கூட யாரும் இல்லை. யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரசு, இங்க வா."

போனேன். கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். புறங்கையால் என் நெற்றியைத் தொட்டார். அந்தக் கை சொரசொரப்பாக இருந்தது. ஆரஞ்சு வாசனை அடித்தது.

"சுரம் விட்டுச்சா?"

"எனக்கு சுரமே இல்லியே நைனா."

வாசற்படியில் நின்ற அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பிறகு அவரிடம் சொன்னாள். "ஆங், விட்டுச்சு. காலையிலயே விட்டுச்சு."

"கஞ்சி குட்ச்சாளா?"

"குட்ச்சா."

நைனா தலையாட்டினார். "தறியில இருக்கற பாவு நாளைக்கு முடிஞ்சிடும். முடிச்சதும் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். ஒரு நாளுதான். ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் இருப்பதே திருத்தணி. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. அம்மா சிரிக்கவில்லை.

"போவ வேணாம். அவளுக்குத்தான் தேவலாயிடுச்சே," என்றாள். "நீங்க படுங்க."

"தேவலாயிடுச்சா?"

"தேவலாயிடுச்சு."

அவர் என்னைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். கை தளர்ந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. கால் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தேன். அம்மா ஜக்கில் மீதி இருந்ததை வாழைக்கு ஊற்றிவிட்டு வந்தாள். மாமா சாப்பிடாமலே அரக்கோணம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை நைனா வழக்கம் போலத் தறியில் இருந்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த பொங்கலுக்கு மாமா வந்தபோது, இந்த முறையும் பஞ்ச் கலக்கச் சொல்லிக் கேட்டேன். அது உள்ளே போனால் நைனா பேசுகிறார், மடியில் வைத்துக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எதைக் கேட்டாலும் கிளப் கதையில் தொடங்கும் மாமா, "அதெல்லாம் வேணாம்மா," என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பதினைந்து வயதானபோது நைனாவின் அக்கா, என் அத்தை, அரிசி புடைத்துக்கொண்டே சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. நான் பிறப்பதற்கு முன்பு, எங்கள் குடும்பம் திருத்தணியிலிருந்து தள்ளியிருக்கிற அம்மையார்குப்பத்தில் இருந்தபோது, அவர்களுக்கு ஒரு பெண் இருந்தாள். சரசு. ஆறு வயதில் காய்ச்சல் வந்தது. தறியில் ஏற்றியிருந்த பாவு நூலை நெய்து முடித்துக் கொடுத்துவிட்டுத் திருத்தணிக்குத் தூக்கிப் போகலாம் என்று நைனா ஒரு நாள் பொறுத்தார். விடிவதற்குள் அவள் போய்விட்டாள். அந்த வருடமே தறிகளைப் பிரித்து ஏற்றிக்கொண்டு திருத்தணிக்கு வந்துவிட்டார்கள். அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

ஆனால் அந்தத் தை மாதத்தில் எனக்கு இது எதுவும் தெரியாது. நைனா எனக்கு ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் புதுத் தமிழ் நோட்டில் என் பெயரை எழுதி, அதன் கீழே சரசு என்று கொஞ்சம் பெரிதாக எழுதினேன். அம்மா அதைப் பார்த்தாள். யார் எழுதச் சொன்னது என்று கேட்கவில்லை, அழிக்கவும் சொல்லவில்லை. வருடக் கடைசியில் என் பழைய நோட்டுகளையெல்லாம் எடைக்குப் போட்டபோது, தராசிலிருந்து அந்த ஒரு நோட்டை மட்டும் அம்மா திரும்ப எடுத்துத் தன் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதில் எழுதாத பக்கங்கள் நிறைய மீதி இருந்தன. அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.