செல்வின் மாஸ்டரின் புள்ளிகள்

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். படங்களை ஸ்கேன் செய்து, சுத்தம் பண்ணி, அச்சடிக்கிற பிளேட் எடுத்து மிஷினுக்குக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. என்னைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக்கிய முதல் மாதத்திலேயே ஒரு மனிதரின் இசையை அழித்துவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆர்டர் சென்னையிலிருந்து வந்தது. செல்வின் மாஸ்டர் என்ற ஜாஸ் இசையமைப்பாளரின் நினைவுக் காலண்டர். சாத்தூரில் பிறந்தவர். மாதாகோயில் ஆர்மோனியத்தில் தொடங்கி, சென்னை ஓட்டல்களில் பியானோ வாசித்து, சொந்தமாக எழுதிய மெட்டுகளால் வெளிநாடு வரை பேர் வாங்கியவர். மாதத்துக்கு ஒரு தாள். மேலே அவர் படம், கீழே அவர் கைப்பட எழுதிய இசைக்குறிப்பு. நினைவுக் கச்சேரிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்று அவருடைய மகள் ரோசலின் ஒரிஜினல் தாள்களையே அனுப்பியிருந்தார். அவரும் பியானோ வாசிப்பவர்.

ஜாஸ் என்றால் எனக்கு அப்போது பேர்கூடச் சரியாகத் தெரியாது. தாளெல்லாம் பழுப்பு, கறை, பூச்சி எச்சம். மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டாக எடுத்தேன். தாள் பால் மாதிரி ஆனது. புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், போனில் சின்னதாகப் பார்த்துவிட்டு ரோசலின் ஓகே என்று பதில் போட்டார். பிளேட்டும் எடுத்தாயிற்று.

மிஷின் ஓட வேண்டிய அன்று காலையில் ரோசலின் நேரிலேயே வந்துவிட்டார். அப்பா பிறந்த வீட்டைப் பார்க்கச் சாத்தூருக்கு வந்தவர், அப்படியே எங்களையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்திருந்தார். ஜனவரித் தாளை மேசையில் விரித்தேன். அவர் விரல்கள் மேசைமேலேயே வாசிக்கத் தொடங்கி, நடுவில் நின்றுவிட்டன.

"இதுல எங்கப்பாவைக் காணோமே" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சுரத்தின் தலைமாட்டில் ஒரு புள்ளி வைத்தால் அதை வெட்டி வாசிக்க வேண்டுமாம். இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்துபோகிற கூட்டத்தின் மேளத்தைச் சின்ன வயதில் கேட்டு, அந்த வெட்டை அவர் ஜாஸுக்குள் கொண்டுவந்தாராம். அவர் பேர் வாங்கியதே அதில்தான். நான் அழுக்கென்று துடைத்தது அந்தப் புள்ளிகளை.

புள்ளியோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை, மேசையில் தட்டிக் காட்டினார். வாசலில் நின்ற மிஷின்மேன் கருப்பசாமி அண்ணன் சொன்னார்: "புள்ளியோட கேட்டா காலு தன்னால ஆடுதும்மா. இல்லாட்டி ஜவ்வு மாதிரில்ல இழுக்கு."

அது காலண்டர் சீசன். அன்றைக்கு விட்டால் மிஷின் கிடைக்கப் பத்து நாள் ஆகும், கச்சேரி முடிந்துபோகும். முதலாளி திட்டவில்லை.

"மும்தாஜ், அஞ்சு மணி வரைக்கும் மிஷினு உனக்குத்தான். அதுக்குப் பெறகு டைரி ஆர்டரு ஏறிரும். அதுக்குள்ள ஆக வேண்டியதப் பாரும்மா" என்றார்.

நல்லவேளையாகத் துடைக்காத ஸ்கேனை அழிக்காமல் வைத்திருந்தேன். ரோசலின் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பொட்டாக நான் காட்ட, அது அப்பா வைத்த புள்ளி, இது பூச்சி என்று அவர் பிரித்துச் சொன்னார். முதலில் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மூன்றாவது தாளுக்கு வருவதற்குள் அவர் கதை சொல்லத் தொடங்கியிருந்தார். மாஸ்டர் பியானோ முன்னால் உட்கார்ந்து எழுதியதே இல்லையாம். அடுப்படியில் மனைவி சமைக்கிற சத்தத்துக்கு நடுவில்தான் எழுதுவாராம்.

ஆகஸ்ட் தாளில் வரிசையாக மூன்று புள்ளிகள். அதையெல்லாம் வையுங்கள் என்றார். எனக்கு ஒரு சந்தேகம். படத்தைப் பெரிதாக்கினேன். மற்ற புள்ளிகள் நீலம் கலந்த கறுப்பு. இந்த மூன்றும் பழுப்பு, ஓரத்தில் வளையம் கட்டியிருந்தது.

"மேடம், தப்பா நெனைக்காதீக. இது மை இல்ல. டீ."

குனிந்து பார்த்தார். ஒரிஜினலைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு கச்சேரிகளில் எப்போதும் ஜெராக்ஸைப் பார்த்தே வாசித்திருக்கிறார். ஜெராக்ஸில் எல்லாம் ஒரே கறுப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இத்தனை வருஷமா டீயை வாசிச்சிருக்கேன். அந்த இடத்துலதான் ஜனங்க கைதட்டுவாங்க."

எடுத்துவிடவா என்று கேட்டேன். இரண்டு விதமாகவும் தட்டிப் பார்த்தார்.

"இருக்கட்டும். அதுவும் அப்பா கையிலேருந்து விழுந்ததுதானே."

அந்த மூன்றையும் பழுப்பாகவே விட்டோம். மூன்று மணிக்குப் புது பிளேட் ஏறியது. மிஷினிலிருந்து வந்த முதல் தாளை ரோசலின் கையில் கொடுத்தோம். இந்தத் தடவை அவர் விரல்கள் கடைசிவரைக்கும் போய்த்தான் நின்றன.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: நம் கண்ணுக்கு அழுக்காகத் தெரிவதை, உரியவரைக் கேட்காமல் துடைக்கக்கூடாது. போன மாதம் அருப்புக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், கல்யாணப் பத்திரிகையில் போட, காலமான தன் அப்பாவின் பழைய போட்டோவை அனுப்பியிருந்தார். மூக்கோரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. அதை எடுக்க ஒரு சொடுக்குதான். ஆனாலும் போன் போட்டு, இது அழுக்கா மச்சமா என்று கேட்டேன்.

"மச்சந்தாம்மா" என்றார். "நல்லவேள கேட்டீக. அத எடுத்துப்புட்டா, இந்த ஆளு யாருன்னு எங்காத்தா கேட்டிருக்கும்."