அரிசி வாங்காத வாரம்

என் கணவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை நோய். மாவுச்சத்தைக் குறைத்தால் கட்டுப்படும் என்று கேள்விப்பட்டு, ஒரு வாரம் மளிகைப் பட்டியலையே மாற்றினேன். அரிசி, கோதுமை, ரவை எதுவும் வாங்கவில்லை. முட்டை, பனீர், கீரை, காலிஃப்ளவர் என்று பையை நிரப்பினேன். மாத்திரையையும் குறைக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேட்கத் தோன்றவில்லை.

நான்காம் நாள் மாலை பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு நடக்கப் போனவர் திரும்பவில்லை. போன் செய்தேன். பூ விற்கும் அம்மா ஒருவர் எடுத்தார்.

"கீய வுழுந்து உளறிகினு இருந்தாரும்மா. குடிச்சிக்கீறாருன்னு அல்லாரும் ஒதுங்கிப் போய்ட்டாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சிருக்கவும்தான் கிட்ட போனேன்."

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தார். "சாப்பாட்டை மாத்தினதை ஏம்மா சொல்லல? அதே மாத்திரையைப் போட்டதால சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு" என்றார் டாக்டர்.

என் கணவர் ஒருநாளும் குடித்ததில்லை. "நம்ம சர்ச் ஆளுங்களும் பாத்துட்டுப் போனாங்க. அவங்க பேசினது கேட்டுச்சு. எனக்குத்தான் பேச்சு ஒழுங்கா வரல" என்று வீட்டுக்கு வந்து அழுதார். அதன்பின் மொட்டை மாடியில்தான் நடக்கிறார்.

இப்போது பட்டியலில் எதை நீக்குவதானாலும் டாக்டரைக் கேட்டுவிடுகிறேன். கணவரின் சட்டைப் பையில் குளுக்கோஸோடு ஓர் அட்டையும் வைக்கிறேன். அதில், "எனக்குச் சர்க்கரை நோய். நான் குடிக்கவில்லை" என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.