கறுப்பு ஈறு

எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பல் படம் தொங்கியது. அதில் ஈறு ரோஜா நிறம். என் ஈறோ கறுப்பு. அழுக்கு என்று நானே முடிவு கட்டி, உப்பும் அடுப்புக்கரியும் கலந்து தினமும் காலையில் தேய்க்க ஆரம்பித்தேன். கல்யாணப் போட்டோவில்கூட வாயைத் திறக்கவில்லை.

போன மாசம் தேய்த்த இடம் புண்ணாகிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகாமல் தலவாக்கலை டவுனுக்கு பஸ் ஏறி, பல் டாக்டரம்மாவிடம் போனேன். "எவ்வளவு தேய்ச்சாலும் இந்தக் கறுப்பு போக மாட்டேங்குதுங்க" என்றேன்.

அவர் என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். "இது அழுக்கு இல்லம்மா. உங்க தோல் நிறம் மாதிரி இதுவும் பிறவி நிறம். நல்லாப் பாருங்க."

புண்ணைத் தாண்டிப் பார்த்தேன். ஈறு இறுக்கமாக, தோடம்பழத்தின் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப் புள்ளிகளோடு இருந்தது. அதன் மெல்லிய ஓரம் ஒவ்வொரு பல்லின் கழுத்தையும் ஒட்டிப் பிடித்திருந்தது. இரண்டு பல்லுக்கு நடுவில் கூராக ஏறி இடைவெளியை அடைத்திருந்தது. டாக்டரம்மா சன்னமான கம்பியால் அந்த ஓரத்தைத் தொட்டார், ரத்தம் வரவில்லை. "இதுதான் நல்ல ஈறு" என்றார். அந்தம்மா நல்லா இருக்கணும்.

அந்தப் பள்ளிக்கூடப் படத்தை வரைந்தவர்மேல்தான் கோபம். ஒரு தடவையாவது நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, யாரையாவது சிரிக்கச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாக்கால் ஈறுகளைத் தடவிக்கொண்டே வந்தேன். முப்பது வருஷமாக இந்த ஈறைத் தண்டித்திருக்கிறேன். அது என் ஒரு பல்லைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.