ஒல்லாந்தில் ஒரு கஞ்சாக்கடை

கஞ்சாக் கதை கேட்க உங்களுக்கென்ன இவ்வளவு விடுப்பும் ஆவலும்? சரி, கேளுங்கோ.

மொன்றியல். மருமகனின் டெப்பனர், அதுதான் தெருமுனைக் கடை. பால் பெட்டிமேல் குந்தியிருக்கிறேன். இதை விற்றுவிட்டு ஒல்லாந்தில் கஞ்சாக்கடை போடப் போகிறாராம். மகள் கண் கலங்கி நிற்கிறாள்.

“மாமி, அங்கை கடையிலை வித்தால் பொலிஸ் பிடிக்காது. நல்ல எதிர்காலம்.”

“கடைக்குச் சாமான் ஆர் தாறது?”

“வளக்கிறதும் கொண்டாறதும் குற்றம். பின்கதவாலை ஒளிச்சு வரும்.”

“அப்ப முன்கதவிலை முதலாளி, பின்கதவிலை கள்ளனோ?”

அந்நேரம் பின்பக்கம் பால் வண்டி ஹோர்ன் அடிக்கிறது.

“ஓடி ஒளியுங்கோ தம்பி, சாமான் வருது!”

மருமகன் போய்ப் பால் பெட்டிகளை இறக்குகிறார். மகள் சிரித்துக்கொண்டே ‘விற்பனைக்கு’ அட்டையைக் கண்ணாடியிலிருந்து உரிக்கிறாள்.

ஊருக்கு வந்து அயலட்டைக்குச் சொன்னேன்: “மருமேன் பால்தான் விக்கிறார். இன்னும் பிடிபடேல்லை.”