சன்னல் சீட்டும் மழைத்துளியும்

இன்று மாலை திருப்பதியிலிருந்து நகரி வரும் பஸ்ஸில், சன்னல் சீட்டுக்காக ஒரு பெண்ணிடம் சண்டை போட்டேன்.

"வெளியிலருந்தே கர்ச்சீப் போட்டுக்கீறேன், தெரில?"

"கர்ச்சீப் போட்டா சீட்டு உங்களுதாயிடுமா? நான் ஏறி உக்காந்துக்கினேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

புத்தூர் தாண்டியதும் வானம் ரோஜா நிறமானது. மலைகள் அதில் மெல்ல மிதந்து வந்தன.

கொரியன் தொடர் பார்க்கும் நாற்பது தாண்டிய ரசிகைகள் எங்களுக்கென்று ஒரு டெலிகிராம் குழு உண்டு. எங்களுக்குப் பிடித்த ஒரு தொடரின் நாயகி தினமும் அந்தி வானத்தைப் படமெடுப்பாள். நாங்களும் இருக்கும் இடத்திலிருந்து எடுத்துப் போடுவோம். எல்லோருக்கும் புனைபெயர்தான்; ஊரும் நிஜப் பெயரும் மட்டும் கேட்கக் கூடாது. அது சட்டம்.

இன்று படம் போடுவதில் ‘மழைத்துளி’ முந்திக்கொண்டார். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் என்னைத் தேற்றிய அதே மழைத்துளி.

படத்தில் பஸ் கம்பி, ரோஜா வானம், ஓரத்தில் என் ஜிமிக்கி.

கீழே, "இன்னிக்கு ஒரு ராட்சசி என் சன்னல் சீட்ட புடிச்சிக்கினா."

குழுவே அந்த ராட்சசியைத் திட்டிக்கொண்டிருந்தது, மழைத்துளி மேல் அவ்வளவு அன்பாக.

எழுந்து நின்றேன். "நீங்க இங்க வாங்கக்கா."

"இன்னா திடீர்னு?"

"வானம் நல்லாக்கீது. பாத்துக்கினு வாங்க."

இப்போது அவர் சன்னலோரம், அவர் பை என் மடியில். குழுவில் புது வரி: "ராட்சசி நல்லவதான் போலக்கீது."

நகரி நெருங்குகிறது. சட்டத்தை மீறலாமா, சொல்லுங்கள். அதுவரை அந்த வரிக்கு நானும் ஒரு ஹார்ட் போட்டு வைக்கிறேன்.