உள்ளே இருந்து திறக்காத கதவு

போன புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, தாலுகா ஆபீஸ் வாசலில், ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் என் காரின் பின்கண்ணாடி வழியாக வெளியே வந்தார். முதலில் கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை. கக்கத்தில் மஞ்சள் பை.

கடத்தல் எதுவும் இல்லை. ஆனால் அங்கே நின்ற பத்திர எழுத்தர்களும் டீக்கடைக்காரரும் பார்த்த பார்வை சரியில்லை. ஊர் ஒரு விதமாகப் பேசுவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது இல்லையா?

என் காரைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்பியதை வழக்கமான வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக... ஜப்பானில் செய்தது. சிங்கப்பூரில் பத்து வருஷம் ஓடியது. அங்கே வியாபாரம் செய்த அதிராம்பட்டினத்து நண்பரோடு கப்பலேறி வந்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. நண்பர் வீட்டில் ஒன்பது பேர். ஒரு கல்யாணத்துக்குப் போக நாலு நடை அடித்த பிறகு, அவர் அதை என் தலையில் கட்டிவிட்டார். புது ஸ்கூட்டர் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நானும் ஆசைப்பட்டேன், பொய் சொல்வானேன்?

‘ஸ்போர்ட்ஸ் காரா, ரேஸ் விடுறீங்களா?’ என்று கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் பாக்கியில்லை. விடுகிறேன் – கும்பகோணத்துக்குக் காபிப்பொடி வாங்க. வேகம்? முன்னால் போகிற டவுன் பஸ்ஸின் வேகம். நம் ரோட்டில் ஒவ்வொரு ஆட்சியும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுகிறது. ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. என் கார் அங்கேயேதான் இருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் அடிவயிறு உரசும் சத்தம் எனக்குப் பல்லைக் கூசச் செய்யும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. கியர் தண்டின் தலையில் இருப்பது பாத்திரப் பட்டறையில் கடைந்து வாங்கிய பித்தளைக் குமிழ். டிரைவர் சீட் ஒருநாள் ஓடும்போதே மல்லாந்துவிட்டதால், மெக்கானிக் அதை வெல்டிங் வைத்து ஒரே நிலையில் நிறுத்திவிட்டார். அது இனி மடங்காது. ஆகவே பின்சீட்டில் இருப்பவர் இறங்க வேண்டுமானால் ஒரே வழிதான்: இடது பக்கம் முன்னால் இருப்பவர் முதலில் இறங்கி, தன் சீட்டை மடக்கி வழிவிட வேண்டும்.

அந்த இடது கதவும் உள்ளே இருந்து திறக்காது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கண்ணாடியும் இறங்காது. அதனால் யாரை ஏற்றிச் சென்றாலும் நான் இறங்கி, காரைச் சுற்றி ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவேன். இதைப் பார்த்து எங்கள் வட்டாரத்தில் எனக்கு ‘மரியாதை தெரிந்த மனுஷன்’ என்று பெயர் வந்துவிட்டது. முப்பது வருஷமாக எழுதி வாங்க முடியாத பெயரை ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்து வாங்கிக் கொடுத்தது. என் மனைவி மட்டும் ஏமாறவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கைப்பிடி உடைந்த பிறகுதான் எனக்காகக் கதவு திறந்தீர்கள் என்று ஒருநாள் கணக்காகச் சொன்னாள்.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன்.

அன்று காவிரியில் தண்ணீர் விடச் சொல்லி மெயின் ரோட்டில் மறியல். பஸ் எல்லாம் நின்றுவிட்டது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கலியபெருமாள் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். பெரிய பண்ணை என்கிற மிராசுதாரின் எட்டு மா நிலத்தை, அதாவது இரண்டரை ஏக்கர் சொச்சத்தை, குத்தகைக்கு உழுகிறவர். அவருக்கு முன் அவர் அப்பா உழுதார். இரண்டு தலைமுறையாகக் குத்தகை நெல்லை அளந்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட ரசீது வந்ததில்லை. இப்போது அந்த நிலத்துக்குப் பக்கத்தில் புது ரோடு வருகிறது. ரோடு வந்தால் என்ன ஆகும்? வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் முளைக்கும். ‘நகர்’ என்று ஒரு வளைவு முளைக்கும். உழுகிறவர் கிளம்பிவிட வேண்டும்.

குத்தகைதாரர் என்று அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அப்படி எளிதாகக் கிளப்ப முடியாது. அதற்காகக் கலியபெருமாள் மனுப் போட்டிருந்தார். போன விசாரணை அன்று அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்ததால் போக முடியவில்லை. இந்தத் தடவையும் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை பதினொரு மணிக்கு. யார் எந்த நிலத்தில் என்ன பயிர் வைத்தார்கள் என்று கிராமக் கணக்கில் எழுதுவார்களே, அடங்கல் – அதன் நகல்கள்தான் மஞ்சள் பையில் இருந்தன. அவருடைய மொத்த ஆயுதம் அவ்வளவுதான்.

அவர் கேட்கவில்லை. நானே நிறுத்தி, முன்சீட்டில் உட்காரவைத்தேன். மறியலைச் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரைப் பாதையில் போனோம். என் காருக்கு அது பாதையே இல்லை. ஆனால் கலியபெருமாளுக்கு அந்தக் கரையில் மண் எங்கே கெட்டி, எங்கே பொதபொதவென்று இருக்கும் என்று தெரியும். இங்கே இடது பக்கம் ஏற்றுங்கள், அங்கே மெதுவாக விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடிவயிறு ஒரு இடத்தில்கூட உரசவில்லை. கார் வாங்கியதிலிருந்து இப்படி ஒரு பயணம் எனக்கு வாய்த்ததில்லை.

மதகுக்குப் பக்கத்தில் பெரிய பண்ணை நின்று கைகாட்டினார்.

இவர் பெயர் வேண்டாம். அவருக்கு வக்கீல் இருக்கிறார், எனக்கு இல்லை. ஊரே அவரைப் பெரிய பண்ணை என்றுதான் சொல்லும். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரையும் மாறும். இந்த முறை கொஞ்சம் தாமதித்துவிட்டார், எதிர்க்கட்சியில் மாட்டிக்கொண்டார். மறியலை நடத்துவதே அவர் ஆட்கள்தான். அவருடைய பெரிய காரை மைக் கட்ட வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். மறியல் செய்தவரே மறியலில் மாட்டி, நடுக்கரையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் அதே தாலுகா ஆபீஸ். அதே விசாரணை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ‘பின்னால் இடம் இருக்கிறது, ஏறுங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, கலியபெருமாளிடம் சொன்னேன்: “அண்ணே, கொஞ்சம் பின்னாடி உக்காந்துக்கிறீங்களா?”

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. பெரிய பண்ணைகூட வாயைத் திறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். மற்றதை என் நாக்கே செய்துவிட்டது. மேடையில் சமத்துவம் பேசி மாலை வாங்கிய நாக்கு.

கலியபெருமாள் இறங்கினார். நான் சீட்டை மடக்கினேன். அவர் குனிந்து உள்ளே போனார். பின்சீட் என்று அந்தக் காரில் இருப்பது, முழங்காலைத் தாடையில் முட்டுக்கொடுத்து உட்காரும் ஒரு பள்ளம். சீட்டை நிமிர்த்தினேன். பெரிய பண்ணை ஏறினார். இடது பக்க ஸ்பிரிங் ஒருமுறை முனகியது.

அப்புறம் பாதை சொல்ல ஆள் இல்லை. பின்னால் இருப்பவருக்கு ரோடே தெரியாது. முன்னால் இருப்பவர் எந்தக் கரையிலும் நடந்தவர் இல்லை. கொஞ்ச தூரத்திலேயே ஒரு மேட்டில் ஏறி இறங்கியதில் சைலன்சர் கழன்று தொங்கியது. நான் மண்ணில் படுத்துக் கம்பி வைத்துக் கட்டினேன். கலியபெருமாள் உதவிக்கு இறங்கப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டேன், முன்சீட்டில் இருந்தவர் அசையவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வழியெல்லாம் பெரிய பண்ணை பேசிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்களுக்கு யாரோ கெட்ட யோசனை சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றார். பெயர் சொல்லவில்லை, பின்னால் திரும்பவும் இல்லை. ஆளை வைத்துக்கொண்டே ஆள் இல்லாதது மாதிரி பேசுவது பரம்பரையாக வருகிற திறமை போலிருக்கிறது.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். வழக்கம்போல் ஓடிப்போய்க் கதவைத் திறந்துபிடித்தேன்.

பெரிய பண்ணை இறங்கவில்லை. மடியிலிருந்து வெற்றிலைச் செல்லத்தை எடுத்தார். ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தார், காம்பைக் கிள்ளினார், நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார்.

“ஐயா, நேரமாச்சு” என்றேன்.

“இருங்க எழுத்தாளரே. வெத்தல போட்டுக்கிட்டு இறங்குறேன். என்ன அவசரம்?”

எனக்கு அவசரம் இல்லைதான். அவருக்கும் இல்லை. வராந்தாவில் அவருடைய வக்கீல் நின்றுகொண்டிருந்தார். எதிர்மனுதாரர் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்ல அவர் போதும். ஆனால் மனுதாரருக்கு வக்கீல் கிடையாது. மனுதாரர் என் காரின் பின்பள்ளத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெற்றிலை மடிந்தது. வாய்க்குள் போனது. அடுத்த வெற்றிலை வெளியே வந்தது. நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன். ஆபீஸ் கடிகாரம் பதினொன்று அடித்தது. டவாலி போட்ட பியூன் வராந்தாவுக்கு வந்து, “கலியபெருமாள்...” என்று நீட்டிக் கூப்பிட்டார். பெரிய பண்ணை அந்தப் பக்கம் பார்த்தார். வக்கீல் லேசாகத் தலையாட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கார் ஒரு லாக்கப். அதற்குப் பூட்டு பெரிய பண்ணை. வாசலில் பாரா நிற்கிற போலீஸ்காரன் நான்.

‘எழுந்திருங்கள்’ என்று ஒரு வார்த்தை. அதுதான் வேண்டும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஒரு பெரிய மனிதரை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, வாசகர்களே. அமைச்சர்களைக் கிழித்து எழுதியிருக்கிறேன்; பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாவது முறை கூப்பிட்டார்கள்.

கலியபெருமாளும் ‘இருக்கேங்க’ என்று பதில் குரல் கொடுத்தார். அந்தப் பள்ளத்திலிருந்து அது வராந்தா வரை எங்கே போகும்? பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “சார், அந்தப் பின்கண்ணாடி தொறக்கும்ல?”

திறக்கும். இந்த ஜாதிக் காரில் பின்கண்ணாடியே டிக்கிக் கதவு. போன மாதம் அவருடைய உரமூட்டையை அதன் வழியாகத்தான் ஏற்றி வந்தோம். அது மூட்டைக்கான வழி அண்ணே என்று நான் இழுத்தேன்.

“மூட்ட வந்த வழியில ஆளு வரமாட்டானா சார்? தொறங்க.”

“ஒரு நிமிஷம் ஐயா” என்று பெரிய பண்ணையிடம் சொல்லிவிட்டு, இடது கதவைச் சாத்தினேன். சத்தியமாக உள்நோக்கம் இல்லை. பழக்கம். பின்னால் ஓடி, சாவி போட்டுக் கண்ணாடியைத் தூக்கினேன். அதைத் தாங்கும் தண்டுகள் செத்து வருஷமாகிறது. ஒரு மூங்கில் கழி வைத்திருப்பேன். கழியைத் தேட நேரம் இல்லை. என் தலையால் முட்டுக்கொடுத்து நின்றேன். கலியபெருமாள் பின்சீட்டின் முதுகைத் தள்ளி மடித்தார், உடம்பைத் திருப்பினார், கால் வெளியே வந்தது.

மூன்றாவது முறை பெயர் கூப்பிடும்போது அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே, “இருக்கேங்க, வந்துட்டேன்” என்று படியேறிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காருக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம். பெரிய பண்ணை மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடியைத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. என் பக்கம் நகர்ந்து வரலாம். வயிறு பித்தளைக் குமிழைத் தாண்டாது. வாய் நிறைய எச்சில், துப்ப ஒரு ஜன்னல் இல்லை. நான் பின்கண்ணாடியை இறக்கி, பூட்டி, கையைத் துடைத்து, வியர்வையைத் துடைத்து... எவ்வளவு நிதானமாக முடியுமோ அவ்வளவு நிதானமாகப் போய்த் திறந்தேன். இந்தத் தடவை உள்நோக்கம் இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துக் கலியபெருமாள் வெளியே வந்தார். வாக்குமூலம் பதிவாகிவிட்டது. அடங்கல் நகல்களை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் நிலத்துக்கே வந்து பக்கத்து வயல்காரர்களை விசாரிப்பார்களாம். ஜெயித்துவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனு உயிரோடு இருக்கிறது.

இடது கதவை அவரே திறந்தார். முன்சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்தினார். நானும் ஏறினேன். அப்போது பெரிய பண்ணை படியிறங்கி வந்து இடது கதவுக்குப் பக்கத்தில் நின்றார். காலையில் நின்ற அதே மாதிரி. நின்றால் போதும் என்று அவருக்குத் தெரியும். மோதிரத்தால் கண்ணாடியை ஒருமுறை தட்டினார்.

கலியபெருமாள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“சார், இந்தக் கதவு உள்ளேருந்து தொறக்காதுல்ல?”

“தொறக்காதுண்ணே.”

நான்தான் இறங்கிப் போய்த் திறக்க வேண்டும். காலையில் யாரும் சொல்லாமலே ஓடியவன். காலில் அதே ஓட்டம் எழுந்ததை உணர்ந்தேன், மறைக்கப்போவதில்லை. சாவியைத் திருகினேன். கார் இருமியது, நின்றது. மறுபடி திருகினேன். இருமியது. வெளியே அவர் நகரவில்லை. என் கழுத்தெல்லாம் வியர்வை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தைரியமாக நடந்துகொள்ளும்போது இந்த ஜப்பான்காரன் காலை வாரவேண்டுமா? மூன்றாவது திருகலுக்குப் பிடித்துக்கொண்டது. வாசலை விட்டு ரோட்டில் ஏறும் வரை நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை.

“அந்த வேகத்தடைய ஓரமா ஏத்துங்க சார்” என்றார் கலியபெருமாள். ஏற்றினேன். உரசவில்லை.

நேற்று மெக்கானிக் வந்தார். சென்னையில் பழைய இரும்புக் கடையில் என் காருக்குப் பொருத்தமான கைப்பிடி கிடைத்திருக்கிறது, மாட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெரிய பண்ணை அன்று எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று கவலைப்படுகிறவர்களுக்கு: மறியல் அதற்குள் முடிந்து டவுன் பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. அதற்குக் கதவே கிடையாது.