நாலு பேருக்குக் கொத்தின பாட்டு

லா சப்பல் கடைத்தெருவில் றெமிஜியஸ் கொத்து ரொட்டி போட்ட காலத்தில் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை. சூடான இரும்புக் கல்லில் இரண்டு தகட்டாலும் அவர் அடிக்கிற அடி, கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்குகிற சனத்தை நேரே கூட்டிவந்து விடும். அவருடைய மனிசி ஆலீஸுக்கு மட்டும் அது வெறும் சத்தம்.

"தாளமோ அது? தகரக் கொட்டில் விழுந்த மாதிரிக் கிடக்கு. வீட்டிலையும் மேசையிலை தட்டாதேங்கோ."

தன் கையில் இருப்பது தாளம்தான் என்று ஆலீஸ் ஒருநாள் வாயால் சொல்ல வேண்டும். றெமிஜியஸுக்கு இருந்த பெரிய ஆசை அதுதான்.

ஒருநாள் குவாதலூப் தீவுக்காரன் நிக்கோலா கொத்து வாங்க வந்தான். சோல், ஃபங்க் பாட்டுப் பாடுகிற குழு ஒன்று வைத்திருந்தவன். பார்சலைக் கையில் வாங்கியும் போகாமல் நின்று அடிக்கு ஏற்பத் தலையாட்டினான்.

"இந்த அடி எனக்கு வேணும். ஒரு பாட்டுத் தட்டு, சிங்கிள் ஒண்டு பதியிறம், வா."

அடுத்த ஞாயிறு றெமிஜியஸ் கல்லையும் தகடுகளையும் உருளைக்கிழங்குச் சாக்கில் கட்டிக்கொண்டு பொண்டி என்ற புறநகரில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார். டிரம் தொடங்கியது. அவர் வெறும் கல்லில் அடித்தார். ஆலீஸ் சொன்ன தகரக் கொட்டில் அப்படியே விழுந்தது.

"ரொட்டி இல்லாமல் எனக்குக் கை ஓடாது," என்றார்.

மற்ற ஞாயிறு நிக்கோலாவின் வான் வண்டியில் காஸ் அடுப்பு, ரொட்டி, வெங்காயம், முட்டை, ஆட்டிறைச்சிக் கறி எல்லாம் போயின. கல் சூடேறியதும் கை பறந்தது. மிளகாய்ப் புகையில் ட்ரம்பெற்காரன் அழுதழுது ஊதினான். பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற நேரம் பார்த்து றெமிஜியஸ் தகடுகளைக் கீழே வைத்தார்.

"ஏன் நிப்பாட்டினாய்? இன்னும் ஒரு நிமிசம் கிடக்கு!" நிக்கோலா தலையில் கைவைத்தான்.

"கொத்து முடிஞ்சுது. இனி அடிச்சால் களியாப் போகும்."

"போகட்டுமே!"

"சாப்பாட்டை நாசமாக்கச் சொல்லுறியோ?"

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒலிப்பதிவாளன்தான் கணக்குப் பார்த்தான். ஒரு ஆளுக்கான கொத்து பாட்டுக்குக் காணாது, நாலு பேருக்குப் போட்டால் சரிவரும். அப்படியே போட்டார்கள். பாட்டும் கொத்தும் ஒன்றாக முடிந்தன. அந்தச் சந்தோசப் புளுகத்தில் றெமிஜியஸ் கடைப் பழக்கத்தில், "அடுத்தது ஆர்?" என்று கத்திவிட்டார். அதுவும் பதிவாகிவிட்டது.

இசைத்தட்டு வந்த அன்று ஆலீஸைக் கதிரையில் இருத்தி வைத்துப் போட்டுக் காட்டினார். டிரம் கேட்டது. ட்ரம்பெற் கேட்டது. கொத்து எங்கேயோ அடியில் புதைந்து கிடந்தது. முடிவில் அவருடைய கத்தல் மட்டும் கணீரென்று வந்தது.

"பாட்டு முழுக்க உங்களைக் காணேல்லை," என்றாள் ஆலீஸ். "ஆக்களைச் சாப்பிடக் கூப்பிடத்தானோ போனனீங்கள்?"

சனத்துக்குப் பிடித்ததும் அந்தக் கத்தல்தான். நிக்கோலாவின் தீவுக்காரர் கூடும் நடன மண்டபங்களில் பாட்டு முடியப்போகிற நேரம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, தமிழ் தெரியாத வாயால் சேர்ந்து கத்துவார்கள். முப்பது வருசமாகியும் பாட்டுக்கு மவுசு குறையவில்லை. லா சப்பலில் தெரிந்தவர்கள் கண்டால், "என்ன றெமிஜியஸ் அண்ணை, அடுத்தது ஆர்?" என்பார்கள். சிரித்துவிட்டுப் போவார். என்ரை கையின்ரை தாளத்தை ஒருத்தரும் கேக்கேல்லையே என்று உள்ளுக்குள் எரியும்.

இந்த வருசம் அவருக்குப் பேத்தி பிறந்தாள். மெலானி. முழங்கை நீளம்தான் இருப்பாள், அழத் தொடங்கினால் கார்ஜ் லே கொனெஸ் ஊரில் அவர்கள் இருக்கிற மாடி முழுக்கக் கேட்கும். ஆனாலும் அவள் கொட்டாவி விட்டாலே றெமிஜியஸ் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

அந்த மாதம்தான் பழைய பாட்டைத் திரும்ப வெளியிட்டார்கள். நரைத்த தலையோடு நிக்கோலா புது இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"மற்றப் பக்கத்திலை நீ மட்டும்தான். பழைய பதிவிலை இருந்து உன்ரை அடியை மட்டும் பிரிச்சு எடுத்தது. டிரம்மும் இல்லை, ஒண்டுமில்லை."

அவன் வந்த நேரம் மெலானி இரண்டு மணித்தியாலமாக அழுதுகொண்டிருந்தாள். மகள் அஜந்தா களைத்துப்போய்ச் சாய்ந்திருக்க, ஆலீஸ் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். நிக்கோலா மற்றப் பக்கத்தைப் போட்டான்.

முதலில் வெங்காயம், நிதானமாக. பிறகு முட்டை, ஈரச் சத்தத்தோடு. ரொட்டி விழுந்ததும் இரண்டு கையும் ஒன்றையொன்று துரத்தின.

மெலானி அழுகையை நிற்பாட்டினாள். தட்டு முடிந்ததும் திரும்பத் தொடங்கினாள். திரும்பப் போட்டார்கள். மூன்றாம் தரம் றெமிஜியஸ் ஆலீஸின் கையைப் பார்த்தார். பிள்ளையின் முதுகில் அவளுடைய விரல்கள் அடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன பாக்கிறியள்?"

"நீ தட்டுறாய்."

"பிள்ளைக்குத் தட்டுறன்." பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "அந்த முட்டை ஊத்தினாப் பிறகு, ஒரு அடி பிந்தி வருதெல்லே... நல்ல தாளம்தானப்பா அது. இன்னொருக்காப் போடுங்கோ."

றெமிஜியஸ் ஊசியைத் தூக்கினார். அவசரத்தில் அது தட்டின் நடுவில் போய் விழுந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை, மெலானியைத் தவிர.